தை மாசத்து ப்ரேக்-அப்

குளிரைப் பற்றிப் பேச ஒரு தகுதி வேண்டும் என்றால், நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் குடியிருக்கும் எவனுக்கும் அது கிடையாது. எங்களுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை, பனி. புல்லில் கிடந்தாலும் பனி, ரோட்டை மறைத்தாலும் பனி, தலையில் இறங்கிச் சளி பிடித்தாலும் பனி. மார்கழிக் காலையில் காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு "குளுரு சாஸ்திங்க" என்று சொல்வோம். வெயில் ஏறியதும் அதே துண்டால் வேர்வையைத் துடைப்போம். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை என்றுதான் இருந்தோம், சின்னண்ணனின் மகள் கனடா போகிற வரைக்கும்.

சின்னண்ணன் கோழிப்பண்ணைக்காரர். அப்பன் விட்டுப்போன மானாவாரிக் காட்டில் ஒவ்வொரு கொட்டகையாகப் போட்டு முட்டைக்கோழி வளர்த்து மேலே வந்தவர். உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் வாயில் எப்போதும் புதுசாக ஏதாவது நாலு வார்த்தை ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனுஷனுக்குச் சாப்பாடு இறங்காது. போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் பங்கு வைத்திருந்தபோது கேசிங், ஹேமர், பிட்டு என்று காதைத் துளைத்தார். அந்த வண்டி போட்ட போர்களில் பாதிக்குத் தண்ணீர் வரவில்லை, வார்த்தை மட்டும் வற்றாமல் வந்தது. அப்புறம் வாஸ்து. ஈசானி மூலை, குபேர மூலை என்று அடுத்தவன் வீட்டுச் சமையல்கட்டை எல்லாம் இடிக்கச் சொன்னார். தன் வீட்டில் ஒரு செங்கல்லை நகர்த்தவில்லை.

மகள் சௌந்தர்யாவுக்கு அவர்தான் மாப்பிள்ளை பார்த்தார். திருச்செங்கோட்டுப் பையன், சபரிநாதன், கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. ஜாதகம் பொருந்தியதைவிட அந்த நாட்டின் பெயர் பொருந்தியதுதான் அவருக்குச் சந்தோஷம். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைவிடக் கனடா பெரிய எழுத்தில் இருந்தது. அந்தப் பெண் போய் இறங்கிய ஊரின் பெயரைச் சொல்ல நாக்கு மூன்று தடவை மடங்க வேண்டும். ஊருக்கு நடுவே ஆறு ஓடுகிறது, குளிர்காலத்தில் அந்த ஆறு கல்லாகிவிடுகிறது, இவ்வளவுதான் எனக்கு மண்டையில் ஏறியது.

அவள் போன முதல் கார்த்திகையிலேயே சின்னண்ணன் ஆரம்பித்துவிட்டார். நாங்கள் காலையில் கூடுவது சென்னியப்பனின் பேக்கரியில். பண்ணைக்காரர்கள், தீவன வியாபாரம் பார்க்கும் நான், முட்டை லோடு ஓட்டும் வீரபாகு, இப்படி ஒரு கூட்டம். சின்னண்ணன் மகள் அனுப்பிய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்து, வேர்வை வழிய உட்கார்ந்து, போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"பாருங்க. மைனஸ் இருவது. ஆனா அது கணக்கு இல்லீங்க. விண்ட்சில் சேத்துனா மைனஸ் முப்பது."

"அதென்னுங்க விண்டுச் சில்லு?" என்பான் வீரபாகு, கேட்கக்கூடாது என்று தெரிந்தும்.

அவ்வளவுதான், டீ ஆறிப்போகும். காற்று அடித்தால் உடம்புக்குத் தெரிகிற குளிர் வேறு, கருவி காட்டுகிற குளிர் வேறு என்று ஆரம்பிப்பார். ஒயிட்அவுட் என்றால் தன் கை தனக்கே தெரியாதாம். ஃப்ளரி என்றால் பஞ்சு பறக்கிற மாதிரி லேசாக விழுமாம். ஸ்லஷ் என்றால் பாதி பனி பாதி சேறாம். பிளாக் ஐஸ் என்றதும் சென்னியப்பன் கல்லாவிலிருந்தே "திராட்சை ஐஸுங்களா?" என்றான். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடி மாதிரிப் படிந்திருக்கும், கார் வழுக்கினால் முடிந்தது கதை என்று சின்னண்ணன் அவனுக்குத் தனியாக ஒரு பாடம் நடத்தினார். கொல்லிமலைக் குளிரைப் பற்றி யாராவது வாய் திறந்தால் "அதெல்லாம் குளுருங்களா" என்று ஒரு சிரிப்பு. திருப்பதிக்கு வடக்கே காலெடுத்து வைக்காத மனுஷன் இவர், மறந்துவிடாதீர்கள்.

இந்த வித்தைக்கெல்லாம் மூலம் மகள்தான். தினமும் காலையில் பேக்கரியில் உட்கார்ந்துகொண்டே போன் போடுவார். அங்கே அது ராத்திரிச் சாப்பாட்டு நேரம். நாங்களும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். எடுத்ததும் முதல் கேள்வி, "எத்தனை டிகிரி சாமி?" அவள் சொல்வாள். அடுத்து காற்று, அடுத்து நாளைக்கு என்ன விழும். சாப்பிட்டாயா, நன்றாக இருக்கிறாயா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. அந்தப் பெண்ணும் வானிலை வாசிப்பவள் மாதிரி வாசித்துவிட்டு வைத்துவிடுவாள்.

அப்படி ஒருநாள் அவள் சொல்லிக்கொடுத்ததுதான் ஃப்ரீஸ்-அப், ப்ரேக்-அப் இரண்டும். கார்த்திகைப் பக்கம் ஆறு உறைந்து மூடிக்கொள்வது ஃப்ரீஸ்-அப். சித்திரையில் அந்த ஐஸ் வெடித்து உடைந்து ஆறு மறுபடி ஓடுவது ப்ரேக்-அப். சின்னண்ணனுக்கு இது மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்துப்போனது. போனில் வீடியோ தேடிப் பார்த்துவிட்டு வந்து, இரண்டு பன்னை எடுத்து மேஜைமேல் மோதவிட்டுக் காட்டினார். வெடி போட்ட மாதிரிச் சத்தம் வருமாம், பாலமே அதிருமாம். பன்னுக்கு அவர் காசு கொடுக்கவில்லை என்று சென்னியப்பன் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எங்களுக்கும் ப்ரேக்-அப் என்ற வார்த்தை தெரியும். எங்கள் ஊர்ப் பையன்கள் வருஷத்துக்கு இரண்டு தடவை அதைச் சொல்லித்தான் தாடி விடுகிறார்கள். சின்னண்ணன் ஒருவருக்குத்தான் அது ஆற்றுக்கு மட்டும் ஆகிற காரியம்.

போன தை மாசம், பொங்கல் கழிந்த வாரம். வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். அன்றைக்கு அவர் கேட்பதற்கு முன்னால் அவளே பேசினாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லோணும். ரொம்ப நாளா சொல்லோணும்னு இருந்தேன். ப்ரேக்-அப் ஆயிருச்சுங்ப்பா."

பேக்கரியில் டீ உறிஞ்சுகிற சத்தம் நின்றது. அந்தக் குரலைக் கேட்ட எவனுக்கும் ஆறு ஞாபகத்துக்கு வந்திருக்காது. சின்னண்ணனுக்கு வந்தது.

"ஆயிருச்சா! தை மாசத்துலயேவா? சித்திரைலதான் ஆகும்னு சொன்னே?"

 "ஆமாங்ப்பா. முன்னாடியே ஆயிருச்சு" என்றாள்.

"சத்தம் பெருசா வந்துதா சாமி?"

"இல்லீங்ப்பா. சத்தமே வரலை."

"ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

சரிங்ப்பா என்று வைத்துவிட்டாள். சின்னண்ணன் எங்களைப் பார்த்து, உலகம் எப்படிச் சூடாகிக்கொண்டு வருகிறது என்று ஒரு பிரசங்கம் செய்தார். நாங்கள் தலையை ஆட்டினோம். ஒருவனாவது அவரைத் தனியே கூட்டிப்போய் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் பேக்கரியின் யோக்கியதை அவ்வளவுதான். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனதும் இருந்த அத்தனை பேரும் அதையே பேசிப் பேசி இன்னொரு டீ குடித்தார்கள்.

வீட்டுக்குப் போய் மனைவி வசந்தாமணியிடமும் அதே உற்சாகத்தோடு சொல்லியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு எல்லாம் ஐப்பசியிலேயே தெரியும். மாப்பிள்ளையும் மகளும் தனித்தனியாகத்தான் இருக்கிறார்கள், இனி சேர்வதற்கில்லை என்று முடிந்துபோயிருந்தது. அப்பாவிடம் நானே சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருந்ததால், இந்த மனுஷன் கேட்டால் என்ன ஆட்டம் ஆடுவாரோ என்று பயந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தார். இவர் சிரித்த முகமாக வந்து "ப்ரேக்-அப் ஆயிருச்சாம், தெரியுமா" என்றதும் அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவரை என்னமோ நெனச்சேனுங்க, தங்கமான மனுசன்" என்று என் வீட்டுக்காரியிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரி என்னிடம் சொல்லிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? தீவன மில்லில் சொன்னார். முடிவெட்டுகிற கடையில் சொன்னார். திருச்செங்கோட்டில் ஒரு காதுகுத்து விசேஷத்தில் சம்பந்தியைப் பார்த்திருக்கிறார், சபரிநாதனின் அப்பா. அந்த மனுஷன் இவர் முகத்தில் முழிக்கப் பயந்து பந்தலின் மூலையில் உட்கார்ந்திருந்தாராம். இவரே தேடிப் போய் பக்கத்தில் உட்கார்ந்து, "ப்ரேக்-அப் ஆயிருச்சாமுங்க, கேள்விப்பட்டீங்களா" என்றிருக்கிறார்.

"ஆமாங்க," என்று தலை குனிந்தாராம் அவர். "எங்களுக்கும் ரொம்ப வருத்தந்தானுங்க."

"இதுல வருத்தப்பட என்னுங்க இருக்குது. இயற்கைதானுங்களே. அங்கெல்லாம் வருசா வருசம் ஆகறதுதான்."

சம்பந்தி அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். இதையும் சின்னண்ணனே வந்து எங்களிடம் சொன்னார், சம்பந்திக்குக்கூட வானிலையில் இவ்வளவு அக்கறை இருக்கிறதே என்று வியந்து. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஒரு தகப்பனுக்குக் காது இவ்வளவு மந்தமாக இருக்க முடியுமா? வெளிநாட்டுக் குளிருக்கு ஒரு டஜன் பெயர் தெரிந்து வைத்திருக்கிறார், பெற்ற மகளின் குரல் மாறியதைத் தெரிந்துகொள்ளத் தெரியவில்லை.

தை கடைசியில் ஒருநாள் வீரபாகு லோடு இறக்கிவிட்டு வந்திருந்தான். குசும்பு பிடித்தவன். "ஏனுங்ணா, அந்த ஆறு இப்ப ஓடுதுங்களா?" என்று கேட்டான். நாலு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள்.

"ஓடாம?" என்றார் சின்னண்ணன். "இருங்க, டிகிரி பாக்கலாம்." போனை எடுத்துத் தேய்த்தார். "மைனஸ் முப்பத்தாறு" என்று படித்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "மைனஸ் முப்பத்தாறுல ஐஸ் எப்படீங்க உடையும்?" என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்த விஷயத்தில் அவருக்குத் தெரியாத பதில் கிடையாது, அதுதான் வினை. போனை இன்னொரு தடவை பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளிப் போன வாரத்தைப் பார்த்தார், அதற்கு முந்தின வாரத்தைப் பார்த்தார். சுழியத்துக்கு மேலே ஒருநாள்கூட ஏறியிருக்காது. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் டீ கிளாசைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"சம்பந்தி வருத்தம்னாருங்க" என்றார் என்னிடம், மெதுவாக.

 என் கேள்வி அவர் தலையில் இறங்கியதைப் பார்த்து எனக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த மனுஷன் மறுபடியும் விரலால் தேதிகளை எண்ணியதைப் பார்க்க என்னமோ போலிருந்தது.

அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரை அணைக்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்கு இல்லை, எழுந்து போக வேண்டும் என்ற நாகரிகம் எங்களுக்கு இல்லை. அவள் எடுத்தாள். எடுத்ததும் அவளாகவே, "அப்பா, இன்னைக்கி மைனஸ் முப்பத்தாறு. காத்து அதிகமில்லை. நாளைக்கி ஃப்ளரி இருக்கும்" என்று ஒப்பித்தாள்.

"சாமி," என்றார். "ஆறு உடையலை."

 "உடையலீங்ப்பா" என்றாள்.

"தனியாவா இருக்கே?"

"ஐப்பசில இருந்துங்ப்பா."

சின்னண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த நாலு வருஷத்தில் அவர் மகளிடம் குளிரைத் தவிர வேறு ஏதாவது கேட்டு நான் கேட்டது அந்த ஒரு கேள்விதான். 

"ஊட்டுக்கு வந்துரு சாமி" என்றார்.

"எப்படீங்ப்பா வாரது?" அவள் அழ ஆரம்பித்திருந்தாள். "சனங்க கேப்பாங்க. கனடா மாப்பிள்ளைன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே. உங்க பேரு என்னாகும்? யாருகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

சின்னண்ணன் தலையைத் தூக்கி எங்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"இனிமே யாருகிட்டச் சொல்றது சாமி? பேக்கரில, மில்லுல, முடிவெட்டற கடைல, எல்லாருகிட்டயும் நானே சொல்லி முடிச்சுட்டேன். உன்ற மாமனாருக்கு ஆறுதல் வேற சொல்லிட்டு வந்திருக்கறேன். நீ பொறப்பட்டு வா."