படுக்கை மாறிய பிற்பகல்

மேசைக் கடிகாரத்தில் பிற்பகல் மூன்று மணி பத்து. முதலில் நான் பார்த்தது ஒரு முதுகு. பழுப்புத் தோல் கோட்டு நனைந்திருந்தது. இடுப்புக்குப் பின்னால் இருக்கவேண்டிய பட்டி ஒரு பக்கம் அறுந்து தொங்கியது. மெத்தையின் கால்மாட்டில் ஒரு ஆள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், நானும் சிரித்தவன்தான். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையொன்றில் உதவி ஆசிரியராக இருந்தபோது, வெள்ளை உருவம், கிணற்றடி அழுகுரல் என்று வரும் செய்திகளைக் குப்பைக்கூடையில் போடுவது என் வேலை. யார் பார்த்தது, எத்தனை மணி, வெளிச்சம் இருந்ததா என்று திருப்பிக் கேட்பேன், பதில் வராது. அதனால் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓகஸ்ட் மாதம், நல்ல வெளிச்சம், நான் குடித்திருக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரெஞ்சுத் தலைநகரில், மார்க்ஸ் டோர்மோய் மெற்றோ நிலையத்துக்குப் பக்கத்தில், ஆறாம் மாடியில் ஒரு அறை. ஒரு மெத்தை, இரண்டு பேர். இரவில் நான் அலுவலகங்களைத் துடைப்பேன், பகலில் படுப்பேன். சிவம் அண்ணை பகலில் லா சப்பலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவார், இரவில் படுப்பார். எங்கள் ஆட்களில் பலர் அப்போது இப்படித்தான் இருந்தார்கள். அதற்கு ஒரு முறையும் இருந்தது. வேலையால் வருபவர் மற்றவரைக் கூப்பிட்டு எழுப்பமாட்டார், வந்து கால்மாட்டில் உட்காருவார், அவ்வளவுதான். பாரம் தெரிந்ததும் படுத்திருப்பவர் எழும்பிவிடவேண்டும். ஒருவர் விட்ட சூட்டில் மற்றவர் படுப்பார்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பிரெஞ்சு மதாம், எண்பதை நெருங்கியவர், தனியே இருந்தார். என் பகல் தூக்கத்தைக் கெடுத்தவர் அவர்தான். அறைகளுக்கு ஊடாகப் போகும் இரும்புக் குழாயில் கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பார். பொறுக்கமுடியாமல் ஒருநாள், கீழ்மாடியில் இருந்த புதுச்சேரிக்காரர் அருள்சாமியை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டோம்.

“இவங்க அண்ணன் ஏரோப்ளான் ஓட்டினவராம்,” என்றார் அருள்சாமி. “அந்தக் காலத்துல, ஒத்த ஆளா, அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போறேன்னு லெ பூர்ஜே விமான நிலையத்துலேர்ந்து கிளம்பினாராம். ஒன்றரை நாள் தூங்காம ஓட்டணும். பாரம்னு ரேடியோகூட எடுத்துக்கலை. அசந்தா கடல்தான்.”

“பிறகு?” என்று கேட்டார் சிவம் அண்ணை.

“பிறகு என்ன பிறகு? போயும் சேரலை, திரும்பியும் வரலை. அவர் தூங்கிடக் கூடாதுன்னு இவங்க தட்டிக்கிட்டு இருக்காங்க.”

“இன்னுமோ?”

“அவர் தூங்கிட்டார்னு யாரும் வந்து சொல்லலையாம், முசியே.”

படியிறங்கும்போது நான் சிரித்தேன். சிவம் அண்ணை சிரிக்கவில்லை. அவருடைய தம்பி ரவி அப்போது அதே கடலில் இருந்தான். ஜெர்மனியில் ஏஜென்சிக்காரன் சரக்குக் கப்பலில் ஏற்றி, கனடாக் கரைக்குக் கிட்டச் சின்னப் படகுகளில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. இறக்கவேண்டிய நாள் போய்விட்டது, செய்தி இல்லை.

மறுநாள் சிவம் அண்ணை ஒரு பாண் ரொட்டி வாங்கி மதாமிடம் கொண்டுபோனார். என் தம்பிக்கும் சேர்த்துத் தட்டுங்கள் என்று தன் கோப்பை கழுவும் பிரெஞ்சில் கேட்டாராம். அவர் தலையாட்டினாராம்.

“உங்களுக்கென்ன விசரே அண்ணை?”

“நீ பேப்பர்காரன், உனக்கு விளங்காது. தட்டட்டும் விடு. ஆருக்கு நட்டம்?”

“எனக்கு நித்திரை நட்டம்.”

அன்றிலிருந்து தட்டல் கூடியது.

அந்தப் பிற்பகலுக்கு வருகிறேன். கால்மாட்டில் பாரம் தெரிந்தது. பழக்கம், விழித்த கையோடு என் கால் நிலத்தில் இருந்தது. புதிதாக வந்த யாரையோ சிவம் அண்ணை படுக்க அனுப்பியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன், அதுவும் நடப்பதுதான். “படுங்கோ அண்ணை,” என்றேன். கோட்டைக் கழற்றாமல், சுவர்ப்பக்கம் முகத்தை வைத்து அவர் சரிந்தார். இரண்டாவது மூச்சுக்குள் உறங்கிவிட்டார். அறை முழுக்கக் கருகிய ஆமணக்கெண்ணெய் மணம். சின்ன வயதில் பேதிக்குத் தருவார்களே, அதே மணம், நம்பினால் நம்புங்கள்.

நடையில் இருந்த தண்ணீர்க் குழாயில் முகம் கழுவும்போதுதான் தட்டல் நின்றிருப்பதைக் கவனித்தேன். திரும்பி வந்து பார்த்தால் மெத்தையில் ஆள் இல்லை. அறைக்கு ஒரே கதவு, அதற்கு எதிரேதான் நான் நின்றிருந்தேன். மெத்தையில் கை வைத்தேன். சற்றுமுன் நான் எழும்பிய இடம், சூடாக இருந்திருக்கவேண்டும். கல்லைப்போல் குளிர்ந்து கிடந்தது.

மாலையில் மதாம் கதவைத் திறக்கவில்லை என்று அருள்சாமி கதவை உடைக்கத் தீயணைப்புப் படையை வரவழைத்தார். மதாம் நாற்காலியில் இறந்திருந்தார், மடியில் கரண்டி. அதற்குமுன் நான் அவர் வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. சுவரில் ஒரு படம் இருந்தது. ஒரு ஆள் சிறிய விமானமொன்றுக்குள் ஏறுகிறார். முதுகுதான் தெரிகிறது. தோல் கோட்டின் பட்டி ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. அந்தக் காலத்து விமான இயந்திரங்கள் சிலவற்றுக்கு ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள் என்பதைப் பிறகு படித்தேன்.

சிவம் அண்ணை படத்தைப் பார்க்கவில்லை. “இனி அவனுக்கு ஆர் தட்டுறது?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு அவர் படுக்கவில்லை. எங்கள் அறைக் குழாயில் தானே தட்டிக்கொண்டு இருந்தாராம், கீழே இருந்தவர்கள் வந்து ஏசும்வரை.

சில நாட்களில் உணவகத் தொலைபேசிக்கு ரவி எடுத்தான். உயிரோடு இருந்தான். நானும் அங்கே நின்றேன், சிவம் அண்ணை என் காதுக்கும் கேட்கும்படி ரிசீவரைச் சரித்துப் பிடித்தார்.

“ஒரே புகார் மூட்டம் அண்ணை, கரையைக் காணேல்லை. முறை வைச்சு முழிச்சிருந்தனாங்கள். எனக்குப் பக்கத்திலை இருந்த பொடியன் நித்திரை தூங்கிச் சரிஞ்சு தண்ணியுக்கை போயிட்டான். இருட்டுக்கை தேடியும் ஆளைக் காணேல்லை. அதுக்குப் பிறகு எனக்குக் கண் மூடப் பயம். பிறகு ஒரு வெள்ளைக்காரன் வந்து கால்மாட்டிலை இருந்தான். எங்கடை படகிலை வெள்ளைக்காரர் ஒருத்தரும் இல்லை. நீ படு எண்டு கையைக் காட்டினான், நான் படுத்திட்டன். மீன்பிடிக் கப்பல்காரர் கயிறு எறியேக்கைதான் எழும்பினனான். ஆள் இல்லை.”

நான் ரிசீவரை வாங்கினேன். கனவாயிருக்கும் தம்பி, நித்திரை இல்லாமல் கிடந்தால் அப்படித் தெரியும் என்றேன்.

“நானும் அப்பிடித்தான் நினைச்சனான் அண்ணை,” என்றான் ரவி. “படகெல்லாம் ஐஸ் மாதிரி நனைஞ்சு கிடந்தது. அவன் இருந்த பலகை மட்டும் சூடாக் கிடந்தது.”