மாவு ஆகாத உடம்பு

பிறை என்ற ஊரில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் சுகுமாரன் பதினோரு வருடம் மாவு மூட்டை பிரித்துக் கொட்டினான். தினமும் ஜார்ஜ் டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளோடு ஃபெர்ரி ஏறிக் கடல் தாண்டி வருவான். உழைப்பாளி, வாயாடி. வேலைநேரம் முழுக்கப் பாட்டு. அந்தப் பிரிவுக்கு லீடர் நான். பாட்டை நிறுத்தச் சொல்லியே என் தொண்டைத்தண்ணீர் வற்றும். பன்னிரண்டாம் வருடம் பாட்டு தானாக நின்றது. இருமல், இழுப்பு.

கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். டாக்டர் பிரியந்தி அவனிடம் ஒளிக்காமல் சொன்னார்.

"இது சளி இல்லண்ணே, ஆஸ்துமா. இத்தன வருஷம் மாவுத்தூள சுவாசிச்சு, உங்க எதிர்ப்புச் சக்தி இப்ப அத எதிரின்னு முடிவு பண்ணிருச்சு. இனிமே கொஞ்சம் தூள் பட்டாலும் மூச்சுக்குழாய் இறுகும். லீவுல நல்லாயிருக்கும், திரும்பப் போனா வந்துரும். மாவுப் பக்கமே போகாதீங்க. மூச்சு இழுத்தா அடிச்சுக்க இந்த பம்ப எப்பவும் கையில வச்சுக்குங்க."

அதே தூளை இருபது வருடமாக நானும்தான் தின்கிறேன். எனக்கு ஒரு தும்மல்கூட இல்லை. எல்லா உடம்பும் ஒன்றில்லை என்றார் டாக்டர்.

"பேக்கிங் பக்கம் மாத்தி விடுங்கண்ணே," என்று சுகுமாரன் கேட்டான். ஆள் பற்றாக்குறை. பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஆறு மாதம் ஓட்டினேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டு மூன்று வாரம் லீவு போட்டான். சைவம், வெறுந்தரைப் படுக்கை. இழுப்பு போன இடம் தெரியவில்லை. காவடியோடு படி முழுதும் ஏறிவிட்டான்.

"முருகன் குடுத்த மூச்சு லா, அண்ணே. பம்பெல்லாம் இனி வேணாம்," என்றான்.

லீவில் நன்றாயிருக்கும் என்று டாக்டர் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் மாவு கொட்ட ஆளில்லை.

"அப்புறம் என்ன தம்பி, நாளைக்கே வந்துரு," என்றேன்.

வந்தான். நான்காவது மூட்டையில் சரிந்தான். பம்ப் வீட்டில் கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் என் சட்டையைப் பிடித்தபடியே செத்துப்போனான்.

எட்டாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவன் மனைவி குமுதா என்னைக் கண்டதும் உடைந்துவிட்டாள்.

"வெரதத்த முடிக்கிற இடும்பன் பூசை ஆகுற வரைக்கும் கவுச்சி கூடாதுண்ணே. ஆசப்பட்டாரேன்னு காவடி எறக்குன அன்னிக்கே மீன் கொழம்பு வச்சுக் குடுத்தேன். நான்தான் அவர கொன்னுட்டேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், பின்னே யார் என்று கேட்பாள்.

"நடந்தது நடந்துபோச்சும்மா," என்றேன். "முருகன்கிட்ட மன்னிப்பு கேட்டுக்க."