கப்பு போலீஸ்

பில்லியர்ட்ஸ் கிளப்பில் மார்க்கர் என்றால், பந்தை எடுத்து வைத்து, புள்ளி எழுதி, ஆட்டம் முடிந்ததும் மேஜையைத் துடைத்து மூடுகிற ஆள். முப்பத்தோரு வருடம் அதே வேலையில் இருந்ததில் அவருடைய சொந்தப் பெயர் தேய்ந்தே போய்விட்டது. கிளப்பில் மார்க்கர், தெருவில் மார்க்கர், கோபம் வந்தால் வீட்டிலும் மார்க்கர்தான். முதுகுக்குப் பின்னால் இன்னொரு பெயரும் உண்டு: கப்பு போலீஸ்.

அந்தப் பட்டம் சும்மா வரவில்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பெரிய மனிதர் ஒருவர் பழரசக் கிளாஸை மேஜை விளிம்பில் வைத்துவிட்டு அடிக்கக் குனிந்தார். முழங்கை பட்டது. பச்சைத் துணியில் ஒரு சாண் அகலத்துக்குக் கறை. கிளாஸை வைத்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்க்கரைத்தான் பதினைந்து நாள் வீட்டில் உட்காரச் சொன்னார்கள்.

திரும்பி வந்த அன்றைக்கே சுவர் ஓரமாக ஒரு ஸ்டூல் போட்டார். கப்போ கிளாஸோ, இனி அதன்மேல்தான். டாக்டரானாலும் நீதிபதியானாலும் விளிம்பில் வைத்தால் பேசாமல் போய் எடுத்து ஸ்டூலில் வைத்துவிடுவார்.

"யோவ் மார்க்கர், அது காலிக் கப்புய்யா!"

"காலியா இருக்கிறதுதான் சார் அப்புறம் நிரம்பும்."

காலையில் கதவைத் திறந்ததும் துணியை ஒரே திசையில் பிரஷ் போடுவார். இளஞ்சூட்டில் இஸ்திரி இழுப்பார். பந்துகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார். கோல் நுனியில் தேய்க்கிற சுண்ணாம்பின் துகள் ஒன்று அவர் கண்ணுக்குத் தப்பினால் உலகம் அழிந்துவிடும் என்பது அவர் மனைவியின் கணிப்பு.

அந்தக் கண்தான் வம்பை இழுத்து வந்தது.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வீட்டுக்கு வந்து இரண்டு மாதம். மாமாவின் பிறந்தநாளுக்கு ஒரு பீங்கான் கப் வாங்கி வந்தாள். அதைச் சுற்றிலும் பழைய காலத்துக் கோட்டுப் படம்: தொங்கும் விளக்குகளுக்குக் கீழே பில்லியர்ட்ஸ் மேஜை, உயரத் தொப்பி வைத்த மனிதர்கள், கோலைப் பிடித்துக் குனிந்திருக்கும் ஒருவர்.

"நாலு கடை ஏறி இறங்கினேன் மாமா. உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல?"

மார்க்கர் கப்பைத் திருப்பினார். மீசை வைத்த குண்டு மனிதர் ஒருவர் ஆட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில், மேஜை விளிம்பில், ஒரு கிளாஸ்.

"ரொம்ப நல்லாருக்கும்மா" என்றார். அலமாரியில் வைத்தார். அப்புறம் அதில் ஒரு வாய் டீ குடிக்கவில்லை.

அவரும் முயலாமல் இல்லை. இரண்டு முறை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகும்போது குண்டு மனிதர் கண்ணுக்கு நேரே வந்து நின்றார், கப் திரும்ப அலமாரிக்கே போனது. பிடி உடைந்த பழைய கப்பிலேயே டீ குடித்தார். மனைவி கேட்டால் "இருக்கட்டும், புதுசு" என்று மழுப்பினார். ஒரு கிளாஸுக்காக இத்தனை பாடா என்று சிரிப்பார்களே என்ற கூச்சத்தில், மருமகள் எதிரில் வந்தாலும் ஒதுங்கிப் போனார். இப்படியே இன்னும் இரண்டு மாதம் ஓடிவிட்டது.

வார விடுமுறையன்று மாடியில் துணி காயப்போடப் போனவர், படியிலேயே நின்றுவிட்டார். மருமகள் போனில் தன் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கப்பைப் பிடிக்கலையா, என்னைப் பிடிக்கலையான்னு தெரியலம்மா. மாமா முகம் குடுத்துப் பேச மாட்டேங்கிறாரு. உங்க மாப்பிள்ளைக்கு வெளியூர் மாத்தல் வாங்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறோம்."

ஈரத்துணி வாளியோடு மார்க்கர் அப்படியே இறங்கினார். அலமாரியைத் திறந்தார். அவள் கீழே வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அந்தக் கப் இருந்தது.

"இங்க வாம்மா. இந்தக் குண்டு ஆளைப் பாரு."

அவள் பயந்துகொண்டே குனிந்தாள். "பாத்தேன் மாமா."

"கைகிட்ட என்ன?"

"கிளாஸ் மாதிரி இருக்கு."

"எங்க வச்சிருக்கான்?"

"டேபிள் மேல."

"டேபிள் மேல!" மார்க்கரின் குரல் தெருவரை கேட்டது.

"போச்சுடா, கப்பு போலீஸ் கேஸ் எடுத்துட்டாரு" என்று மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கறை, பதினைந்து நாள், ஸ்டூல் என்று எல்லாவற்றையும் மார்க்கர் ஒரே மூச்சில் கொட்டினார். சொல்லி முடித்ததும் அவருக்கே வெட்கமாகிவிட்டது.

"இதுக்கா மாமா இத்தனை நாளு?" என்றாள் மருமகள். "நான் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

"கப்பு நல்ல கப்பும்மா. அந்த ஆளுதான் சரியில்ல."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் நகப்பூச்சு பாட்டிலோடு வந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிளாஸ் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டப் பொட்டு வைத்தாள். ஊதி ஊதிக் காயவைத்து நீட்டினாள்.

மார்க்கர் ஜன்னல் பக்கம் கொண்டு போய், பந்தைப் பார்ப்பது போலவே உருட்டிப் பார்த்தார். விளிம்பில் இப்போது கிளாஸ் இல்லை. சிவப்புப் பந்து ஒன்று எகிறி வந்து உட்கார்ந்திருந்தது.

"ஃபவுல்" என்றார்.

அவள் முகம் வாடியது. "தப்பா மாமா?"

"தப்பில்ல, ஃபவுல். பந்து வெளிய வந்துடுச்சு. எதிராளிக்கு ரெண்டு புள்ளி."

"எதிராளி யாரு?"

மார்க்கர் கப்பை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தார். புள்ளி விஷயத்தில் அவர் விளையாட மாட்டார். "நீதான். ரெண்டு உனக்கு. டீ இருக்கா?"

அந்தக் கப்பிலேயே டீ வந்தது. குண்டு மனிதரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே பாதி குடித்தவர், நிறுத்தினார்.

"கழுவக் கழுவ இது போயிடுமேம்மா."

"போனா திரும்ப வச்சுத் தரேன் மாமா. நான் எங்க போகப்போறேன்?"

மார்க்கர் தலையை ஆட்டினார். மீதி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். சாப்பாட்டு மேஜை எதிரிலேயே காலியாகக் கிடந்தது. அவரோ எழுந்து போய், கிளப்பில் போலவே, வீட்டுச் சுவர் ஓரமாகக் கிடந்த ஒரு ஸ்டூலின் மேல் கப்பை வைத்தார்.