நிறம் மாறிய பென்ஸ்

கொழும்பு வெள்ளவத்தைத் தில்லைநாதன் புத்தகம் வாசித்தே கார் திருத்தப் பழகியவர். 1996இலும் அவர் ஓட்டியது 1962ஆம் ஆண்டு பென்ஸ் கூபே. இரண்டே கதவுள்ள சொகுசுக் கார். பதிவுப் புத்தகத்தில் அதன் நிறம் நீலம். முப்பது வருட வெயிலும் கடற்காற்றும் அதைச் சாம்பலாக்கியிருந்தன. விவரம் பொருந்தாத வாகனம் என்று போர்க்காலச் சோதனைச் சாவடி எதிலாவது பறித்துவிடுவார்களோ என்பதே அவருடைய ஓயாத பயம்.

மனைவி பத்மாவதியோடு கொட்டாஞ்சேனைக்குப் போன ஒருநாள் அது நடந்தது.

“மஹத்தயா, புத்தகத்தில நீலம். இது நீலமா? ஸ்டேஷனுக்கு எடுங்க,” என்றார் சாவடியில் நின்ற சிங்களச் சார்ஜன்ட்.

தில்லைநாதன் கோப்பைத் திறந்து, காப்புறுதிப் பத்திரங்களை வருட வரிசையில் நீட்டினார். எல்லாவற்றிலும் நீலமே இருந்தது.

“கடதாசியையா ஓட்டிக்கொண்டு வந்தீங்க?”

பின்னால் லொறிகள் ஹோர்ன் அடித்தன. தில்லைநாதன் கதவோரத்து றப்பரை இழுத்து உரித்தார். அதன் கீழே, வெயிலே படாத விரலகலத்தில் கடும் நீலம் தெரிந்தது. சார்ஜன்ட் நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சிரித்தார்.

“சரி, போங்க.”

“சேர், இதை ஒரு துண்டில எழுதித் தாங்கோவன்.”

“மனம் மாற முன்னம் போங்க மஹத்தயா!”

எழுத்தில் எதுவும் கிடைக்காததால், அடுத்த சாவடியிலும் நீலத்தைக் காட்டவென்று தில்லைநாதன் அந்த றப்பரைத் திரும்ப ஒட்டவேயில்லை. ஐப்பசி மழை கதவிடுக்கால் பத்மாவதியின் மடியில் வழிந்தது.

“இஞ்சேருங்கோ, சீலையெல்லாம் நனையுது. நீல பெயின்ற் அடிச்சால் என்ன?”

“அடிச்சால், ஏன் இப்ப அடிச்சனீர் எண்டு கேப்பாங்கள். குடையை விரியும்.”