பிள்ளையாருக்குப் பக்கத்துக் கல்

என் முத்திரையைப் போட்டு நான் அனுப்பிய முதல் கட்டட வரைபடம் பதினொரு நாளில் திரும்பி வந்துவிட்டது. "வரைபடத்தில் உள்ள நீளமும் பட்டா, புலப்படத்தில் உள்ள நீளமும் பொருந்தவில்லை. நில அளவர் அறிக்கையுடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்." உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் சாலவாக்கம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசியில் அதைப் படித்தேன். பஸ் வந்தது, நின்றது, போயிற்று. நான் ஏறவில்லை.

அந்த முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா கலவை போடுகிறவர், அம்மா சித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ வீடுகளுக்குச் செங்கல் சுமந்திருக்கிறார்கள். ஒரு வீட்டின் வரைபடத்தைக்கூட யாரும் அவர்களிடம் விரித்துக் காட்டியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், கல்லூரி முடித்து, 'பதிவு பெற்ற பொறியாளர்' என்று பெயருக்குக் கீழே போட்டுக்கொண்டது நான்தான் முதல். முத்திரை செய்து வந்த அன்று, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அப்பா அதை மாற்றி மாற்றிக் குத்திப் பார்த்தார். மைப்பெட்டி காயும் வரைக்கும் விடவில்லை.

திரும்பி வந்த வரைபடம் நாஷ்டா கடை அக்காவுடையது. வாடகை இடத்தில் பதினைந்து வருடமாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். இடத்துக்காரர் பொங்கலுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அக்காவுக்கு மாமியார் வழியில் வந்த சொந்த மனை ஒன்று இருந்தது. கீழே கடை, மேலே வீடு என்று திட்டம். ஆவணியில் கடைக்கால் போட்டால்தான் மழைக்கு முன்னால் தரைக்கு மேலே வரலாம். அனுமதிக் கடிதம் இல்லாமல் பேங்க் கடன் தராது. அப்போது ஆனி பாதி ஓடிவிட்டிருந்தது.

மனை தெருக்குத்தில் இருந்தது. எதிர்த் தெரு நேராக வந்து அதன் முகத்தில் முட்டும். அதற்காக எப்போதோ வாசலில் ஒரு பிள்ளையாரை வைத்திருந்தார்கள்.

"தெருக்குத்து வூட்டுக்குதான் ஆவாது பாப்பா. கடைக்கு இத்தவிட இன்னா வேணும்? நேரா வர்றவன் கண்ணு என் இட்லி குண்டான் மேலதான் வுழும்" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் காலை கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். "பட்டாவுல அம்பது அடி நீளம் கீது அக்கா. நான் அளந்தா நாப்பத்தாறரைதான் வருது. அளந்ததத்தான் போட்டேன், திருப்பிட்டாங்க."

"மீதி மூணரை அடி எங்க போச்சு? நான் துன்னுட்டனா?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிராக்டர்காரர் தட்டிலிருந்து தலை தூக்கினார். "உன் சட்னி மாதிரியே பட்டாவுலயும் தண்ணி ஊத்திக்கீறாங்க போல."

"நீ துன்றத துன்னு நைனா" என்றார் அக்கா. ஆனால் தோசைக்கரண்டி கல்லின் மேலேயே நின்றுவிட்டது. மூன்றரை அடி குறைந்தால் கடையில் இரண்டு பெஞ்சு போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. மனைக்குப் பின்னால் இருப்பது அக்காவின் கணவருடைய அண்ணன் வீடு. பல வருடம் பேசாமல் இருந்து, போன பொங்கலுக்குத்தான் பேச்சு துளிர்த்திருந்தது. அவர் சுவர் உள்ளே வந்திருந்தால் பிறகு சண்டை, பஞ்சாயத்து, கோர்ட்டு. ஆவணி போய்விடும்.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர் எனக்கு வழி சொன்னார். "பட்டாவுல கீறத அப்பிடியே படத்துல போட்டு அனுப்பும்மா. யாரு வந்து டேப்பு புடிக்கப் போறாங்க? புதுசா படிச்சுட்டு வர்றவங்களோட இதே பேஜாரு."

அதை அக்காவிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொள்வார் என்று மனசின் ஒரு மூலையில் நான் எதிர்பார்த்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

"அம்பதுன்னு எழுதிட்டா நெலம் நீண்டுக்குமா? நாளைக்கு செவுரு எழுப்பும்போது இடிக்கும். சர்வேயர கூப்புடு. இன்னா வருதோ வரட்டும்."

மனு போட்டோம். சர்வேயர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஸ்கூட்டியிலிருந்து இறங்கிய பெண் என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். முதுகில் பை, கையில் சுருட்டிய புலப்படம், சர்க்கார் கணக்கில் உள்ள மனை அளவுப் படம். அக்கா காபி கொண்டுவந்தார்.

"எழுதி முடிச்சுட்டுக் குடிக்கறேன்மா, மூடி வைங்க" என்றார்.

உடனே டேப்பை எடுக்கவில்லை. தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரைக்கும் நடந்தார். அடிக்கடி குனிந்து பார்த்தார். பின்பக்கம் போய், மாட்டுக் கொட்டகையில் சாணத்தை ஒதுக்கச் சொல்லி, மண்ணில் புதைந்திருந்த எல்லைக்கல் ஒன்றைக் கண்டுபிடித்தார். நான் அந்தக் கொட்டகைக்குள் கால்கூட வைத்திருக்கவில்லை. அங்கிருந்து பக்கத்து மனைகளையும் பிடித்து அளந்தார். பின்சுவர் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்த அண்ணன்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்துக்கினியாம்மா? ஒரு வெரல் நவுந்து கீறனா?"

"நான் ஒண்ணும் சொல்லலியே மாமா" என்றார் அக்கா. அவர் முகத்தில் பாதி பாரம் இறங்கிவிட்டது. மீதி பாதி மூன்றரை அடி.

சர்வேயர் பின் எல்லையிலிருந்து முன்னால் ஐம்பது அடி இழுக்கச் சொன்னார். டேப்பின் முனை என் கையில் இருந்தது. மனையைக் கடந்து, முன் மதில் சுவரைத் தாண்டி, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வந்து ஐம்பது முடிந்தது. அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு கல் இருந்தது. மஞ்சள் ஏறி ஏறித் தடித்துப்போன கல். குங்குமம், அரளிப்பூ. அந்தத் தெருவில் அதை அம்மன் என்பார்கள்.

சர்வேயர் சாலையிலேயே செருப்பைக் கழற்றினார். "இதுக்கு யாரும்மா மஞ்சள் வெக்கறது?"

"நான்தான். அதுக்கு முந்தி எங்க மாமியாரு."

"மேல கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாக்கணும். நான் தொடல, நீங்களே ஊத்தறீங்களா?"

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரை அபிஷேகம் போலவே ஊற்றினார். மஞ்சள் அடுக்கடுக்காகக் கரைந்து தெருவில் ஓடியது. மூன்றாவது சொம்பில் கல்லின் தலையில் உளியால் வெட்டிய கூட்டல் குறி தெரிந்தது. மனையின் எல்லைக்கு சர்க்கார் நட்ட அளவைக் கல்.

வேடிக்கை பார்த்த ஒரு பெண் கன்னத்தில் கை வைத்தாள். "அடியே, இத்தினி வருசமா சர்க்காரு கல்லுக்கா தேங்கா ஒடச்சிக்கினு கீறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். சர்வேயர் மட்டும் சிரிக்கவில்லை. "ஒடச்சதுனாலதாம்மா இந்தக் கல்லு இருக்கு. மத்த எடத்துல புடுங்கிப் போட்டுத் துணி தொவைக்கறாங்க" என்றார்.

அந்தப் பெண் கையை இறக்கிவிட்டு அக்காவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

நடந்தது இதுதான். தெருக்குத்துக்குப் பிள்ளையார் வைத்தபோது, தெருவில் போகிறவர்களும் கும்பிடட்டும் என்று வீட்டுக்காரர்கள் மதிலை உள்தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். மூலைக்கல் சாமிக்குத் துணையாக வெளியே நின்றுவிட்டது. சாமி இருக்கும் இடம் யாருடையது என்று கேட்கும் பழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. நில அளவையில் நல்ல மதிப்பெண் வாங்கிய நானும் கேட்கவில்லை. அளக்க வந்த அன்று அந்தக் கல்லின் முன்னால் கற்பூரம் ஏற்றினேன். பிறகு டேப் பிள்ளையார் மேல் பட்டுவிடக் கூடாதென்று, மதிலுக்கு உள்ளே நின்று அளந்தேன்.

அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. "அப்ப பிள்ளையாரு என் நெலத்துலயா கீறாரு? நவுத்தணுமா?"

சர்வேயர் என் பக்கம் கை காட்டினார். "அத இன்ஜினியர் மேடத்தக் கேளுங்க. அவங்க வேலை அது."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஒரு நிமிடம் தரையைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். "வேணாம் அக்கா. முன்னாடி எப்பிடியும் அஞ்சு அடி காலியா வுடணும். அவரு அதுலதான் நிக்கறாரு. மதிலை எடுத்துடலாம். அவருக்கு மேல கூரை மட்டும் போடாத."

"இத்தினி நாளும் வெயில்லதான் கீறாரு" என்றார் அக்கா.

சர்வேயர் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். எழுதியதை அக்காவுக்குப் புரியும்படி ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். மூடி வைத்த காபியை அக்கா இரண்டு தடவை சுட வைத்திருந்தார். அதை நின்றபடியே குடித்துவிட்டு சர்வேயர் கிளம்பினார். கொட்டகையில் ஒட்டிய சாணம் அவர் சுடிதார் ஓரத்தில் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு எந்த மனைக்குப் போனாலும் முதலில் தெருவை முழுக்க நடந்துவிட்டுத்தான் டேப்பைத் தொடுகிறேன்.

புதிய வரைபடத்தில் ஐம்பது அடி போட்டேன். முன் மூலையில் சின்னச் சதுரம் வரைந்து 'அளவைக் கல்' என்று எழுதினேன். பிள்ளையாருக்கு எந்தக் குறி போடுவது என்று பாடப் புத்தகத்தில் இல்லை. ஒரு வட்டம் போட்டேன்.

அனுமதி ஆடி கடைசி வாரத்தில் வந்தது. கலரில் அச்செடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அக்கா கையைக் கழுவிவிட்டு மஞ்சளைக் குழைத்தார். புதுப் பத்திரத்துக்கு வைப்பதுபோல நான்கு மூலையிலும் பொட்டு வைக்கப் போனார். மூன்று வைத்தாயிற்று.

"அந்த மூலை வேணாம் அக்கா!"

"ஏன், அதுக்கு மட்டும் இன்னா கோவம்?"

"அங்க கீற க்யூஆர் கட்டத்த பேங்க்ல ஸ்கேன் பண்ணுவாங்க. மஞ்சா பட்டுச்சுன்னா மிஷினு படிக்காது."

அக்கா விரலைப் பார்த்தார். விரலில் ஒரு பொட்டுக்கு மஞ்சள் மீதி இருந்தது. கடையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அப்படியே மனைக்கு நடந்தார். திரும்பி வந்து சேலையை உதறிச் செருகிக்கொண்டார்.

"கல்லுக்கு வெச்சிட்டேன். அந்தக் குறி மறையாம, பக்கத்துலதான் வெச்சிக்கீறேன். வா, பேங்க் மூடறதுக்குள்ள போலாம்."