தங்கச்சி வீட்டு சேர்வர்

காத்தான்குடியில் என் கூட்டாளியின் வீட்டு முன்னறைதான் எங்கள் அலுவலகம். அவனும் நானும் அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதினோம். ஆலைகளின் தரவெல்லாம் அவன் தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டி அங்கேயே வைத்திருந்த சேர்வரில் கிடந்தது. நாங்கள் அதைப் பெட்டி என்றே சொல்வோம்.

பெட்டியை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றுவோம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மாரி வந்தால் கரண்ட் போகும், வாவியின் உப்புக் காற்றில் தகரமே துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம் என்பேன். அவன் அசைய மாட்டான்.

"நம்மட சாமான் நம்மட இடத்துல இரிக்கணும் மச்சான். ஆர்ரயோ ஊட்டுல கொண்டு வெச்சிட்டு வாடகை கட்டுறயா?"

நல்ல பிடிவாதக்காரன். அந்தப் பிடிவாதத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும். அதை அவனிடம் சொன்னால் இன்னும் ஏறிக்கொள்வான்.

இரண்டு பேருமே ஒன்றை யோசிக்கவில்லை. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அங்கே வந்துவிடுவார். அவன் தங்கைக்குக் கலியாணப் பேச்சு முடிந்த கையோடு அவனைப் பெற்ற உம்மா வந்து மெதுவாகச் சொன்னார்.

"மாப்பிள வாற ஊடு மனே. முன்னறைய ஒழிச்சுத் தாங்க."

எங்கே கொண்டுபோவது? நான் இருப்பது என் மனைவியின் வீடு. அவன் ஒருநாள் கலியாணம் முடித்துப் போகப்போவதும் ஒரு பெண்ணின் வீடு. நம்மட இடம் என்று தொண்டை வற்றக் கத்தியவனுக்கும், அதைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் ஒரு மேசை போட இடமில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை.

"கிளவுடையே எடு. கத்தாருல ஒரு வேல இரிக்கி, நான் போறன்."

வாதத்தில் நான் வென்றுவிட்டேன். ஆனால் இவன் போய்விட்டால் நான் யாரோடு சண்டை பிடிப்பது?

மறுநாள் தரவைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தோம். அவன் தங்கை தேத்தண்ணியோடு வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

"உம்மா சொன்னது உம்மாட விருப்பம். ஊடு எனக்குத்தானே. மாப்பிள ஊட்டுலயும் சொல்லியாச்சி. பெட்டி இரிக்கட்டும் காக்கா. தெருப்பக்கமா ஒரு கதவு மட்டும் வைங்க, ஊட்டுக்குள்ளால வந்து போகப்படா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். நானே இறங்கி வந்தேன். ஒரு பிரதி கிளவுடில் இருக்கட்டும், மற்றதெல்லாம் இங்கேயே என்றேன். தலையாட்டினான்.

"அப்ப கத்தார்?" என்றேன்.

பெட்டியின் விசிறியில் படிந்திருந்த தூசியைச் உடுத்திருந்த சாரன் நுனியால் துடைத்துக்கொண்டே கேட்டான்:

"போனா இத ஆரு பாக்கிற?"