தாடி வைத்தவர் அகஸ்டஸ் இல்லை

தையல்காரியைச் சொந்தக்காரர்கள் 'செல்லாக்காசு' என்றுதான் கூப்பிடுவார்கள். புருஷன் வேண்டாமென்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவள், வந்த கையோடு தேய்ந்துபோன ரோமானிய வெண்கலக் காசுகளைச் சேர்க்க ஆரம்பித்தால் சும்மா விடுவார்களா? பட்டம் கட்டியது அண்ணன். கூப்பிட்டால் வெட்கமே இல்லாமல் திரும்பிப் பார்ப்பாள்.

பகலில் துணி, சாயங்காலம் காசு. தையல் மெஷின் விளக்கைத் தாழ்த்தி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைப்பாள். நேர் வெளிச்சத்தில் மொட்டையாகக் கிடக்கும் காசு, சாய்ந்த வெளிச்சத்தில் மெல்ல மூக்கைக் காட்டும், காதைக் காட்டும். பச்சைக் களிம்பைத் துலக்கவே மாட்டாள். ஒருமுறை அண்ணி பாசத்தில் ஒரு காசை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்தாள். களிம்போடு ராஜாவின் முகமும் போயிற்று. அண்ணியோடு கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

நாணயச் சங்கத்துக் கண்காட்சிக்கு அந்த வருஷம்தான் அவளிடம் காசு கேட்டார்கள். இருப்பதிலேயே கனமானதைக் கொடுத்தாள். அதில் ஏ, வி, ஜி என்று மூன்று எழுத்துதான் மிச்சம், 'அகஸ்டஸ்' என்பதன் சுருக்கம். அது பெயரில்லை, பட்டம். அகஸ்டஸுக்குப் பிறகு வந்த சக்கரவர்த்திகள் எல்லோரும் போட்டுக்கொண்டது.

கண்ணாடிப் பெட்டிக்குள் காசு. பக்கத்தில் அச்சடித்த அட்டை: 'மாமன்னர் அகஸ்டஸ்'. அதன் கீழே அவள் பெயர். வாழாவெட்டி, செல்லாக்காசு என்று ஆளுக்கொன்று சொல்லிக் கேட்டவள், அச்சில் இருந்த தன் சொந்தப் பெயரை இரண்டு தரம் படித்தாள். ஆனாலும் செயலாளரைத் தேடிப் போனாள்.

"இது அகஸ்டஸ் இல்லீங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? வர்றவங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும். பேரில்லாத காச யாரு நின்னு பாப்பாங்க?"

"அகஸ்டஸ் காசுல தாடி இருக்காது. இவருக்குத் தாடை முழுக்கத் தாடி. யாருன்னு இன்னும் தெரியல. அப்படியே எழுதுங்க."

"தெரியலன்னு எழுதினா சங்கத்துக்கு மானம் போயிடும். அட்டை இதுதான். இஷ்டமில்லன்னா காச எடுத்துக்கங்க."

குடும்பத்தோடு வந்திருந்த அண்ணன் அவளை ஓரமாக இழுத்தான். "எவன் பேர எழுதினா உனக்கென்ன? உன் பேரும்தான் இருக்கு. விட்டுக் குடேன்."

ஆசை அவளுக்கும் இருந்தது, நிறையவே இருந்தது. "ஆளப் பாக்காம பேர ஒட்டுறவங்கள எனக்கு நல்லாத் தெரியும்ணே. நான் ஒட்ட மாட்டேன்." பெட்டியைத் திறக்கச் சொல்லி, காசைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அவள் பெயர் போட்ட அட்டை அங்கேயே கிடந்தது.

மறுநாள் அந்தக் காசு அவள் தையல் கடை ஜன்னலில் இருந்தது. பக்கத்தில் சாய்த்து வைத்த விளக்கு, கையால் எழுதிய அட்டை: 'ரோமப் பேரரசர். பெயர் தெரியவில்லை. அகஸ்டஸ் நிச்சயமாக இல்லை. காசுக்காரி: செல்லாக்காசு.'

அதைப் படித்ததும் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இத ஏன் எழுதின? உன் பேர எழுதும்மா."

"எழுதலாம். அதச் சொல்லிக் கூப்பிடுறதுக்கு யாரு இருக்கா?" ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள். "அது இருக்கட்டும்ணே. பேரா அது? பட்டம்."